ஏழாம் கேள்வி

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
1928 ஜனவரி 12

சௌபாக்கியவதி தனலெட்சுமிக்கு அத்தான் நாகையா ஆசி கூறி எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. சிங்கப்பூர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் வந்த இருமலும் இங்கே திரும்பியதும் நின்றுவிட்டது. மாமாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது, உன் தலைவலி குறைந்ததா என்று விவரமாக எழுது.

மூன்று மாதம் என்னைச் சிங்கப்பூருக்கு எதற்கு அனுப்பினார்கள் என்று கேட்டிருந்தாய். கப்பலில் வந்து இறங்கும் ஜனங்களை விசாரிக்கும் ஆபீசில் நான் துபாஷிக் கிராணி என்பது உனக்குத் தெரியும். துரை கேட்பதைத் தமிழில் கேட்டு, பதிலை இங்கிலீஷில் சொல்வது என் வேலை. இதுவரை இங்கே என்ன நடந்தது என்றால், ஆள் கொண்டுவரும் தரகன் முன்னால் வந்து நின்றுகொண்டு, இவன் என் தம்பி, இவள் அவன் பெண்சாதி, அவள் மச்சினி என்று எல்லாருக்கும் அவனே பதில் சொல்லிவிடுவான். யார் பெண்சாதியை யார் கூட்டிப் போகிறான் என்று கேட்பாரில்லை. அப்படிப் போன பெண்கள் என்ன ஆனார்கள் என்று உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை.

சிங்கப்பூரில் ஓர் ஆபீசில் சீனர்களை விசாரிக்கும் முறையைப் பார்த்துக்கொண்டு வந்து இங்கே நடத்த வேண்டும் என்றுதான் என்னை அனுப்பினார்கள். ஒரு மேஜை, ஒரு ஆள். அவரவர் வாயால் அவரவர் பதில். கூட வந்தவன் வாய் திறக்கக் கூடாது. துபாஷியும் தன் சொந்தப் பேச்சு எதையும் சேர்க்கக் கூடாது. புருஷனிடம் வருகிற பெண்ணைக் கேட்கும் ஏழாம் கேள்வி, "உன் புருஷன் பேர் என்ன?" சீனப் பெண்கள் பளிச்சென்று சொன்னதை நானே பார்த்தேன். கள்ளத்தனமாக வருகிறவள் அங்கேயே மாட்டிக்கொள்வாள். எவ்வளவு சுத்தமான ஏற்பாடு பார். கேள்விகளை எல்லாம் நான்தான் தமிழில் ஆக்கிக் கொடுத்தேன். அடுத்த மாதம் முதல் கிள்ளான் துறையில் இதுதான் நடைமுறை.

நம் பெண்கள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்களே என்பாய். அதெல்லாம் போகிற காலம். சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் சொல்லப் பழகுவார்கள். ரயில் பாதைக்குப் பக்கத்தில் நமக்கு வீடு பார்த்துவிட்டேன், வாசலிலேயே குழாய்த் தண்ணீர். மழைக்காற்று கிளம்புமுன் நீ வந்துவிட வேண்டும். இப்போதிருந்தே பழகு. அடுத்த கடிதத்தின் உறையில் என் பேரை நீயே உன் கையால் எழுது.

உன் நினைவாகவே இருக்கும்
நாகையா


கீவளூர்
1928 பிப்ரவரி 20

அத்தானுக்கு தனம் நமஸ்காரம் பண்ணி எழுதறது. நான் திடமா இருக்கேன். அப்பாவுக்கு மூட்டுவலி குறைஞ்சிருக்கு, முனகல்தான் குறையல. உங்க இருமல் நிஜமாவே நின்னுதா, இல்ல நான் கவலைப்படக் கூடாதுன்னு கடுதாசியில மட்டும் நின்னுதா?

உறை மேல இருக்கறது பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுத்துதான். கோபப்படாதீங்க. நான் பேனாவை எடுத்தேன். கோலாலம்பூர்னு எழுதினேன். பிரிக்பீல்ட்ஸ்னு எழுதினேன். மேல விட்டு வச்ச எடத்தைப் பார்த்ததும் கை கூசிப் போச்சு. அப்பா ஏண்டி தனியா சிரிக்கறேன்னு கேட்டார்.

உங்க பேரு மட்டுமா? அதுல பாதி இருக்கிற எதையும் நாலு வருஷமா நான் வாயால சொன்னதில்ல. கப்பல் ஏறுற ஊரை நான் கப்பல் ஊருன்னுதான் சொல்றேன். நாவல் பழத்துக்கு நம்ம பக்கத்துல ஒரு பேரு உண்டே, அதையும் சொல்ல முடியாம கருப்புப் பழம் குடுன்னு கேட்டு, கூடைக்காரி என்னைப் பட்டணத்துக்காரின்னு நெனச்சு விலையை ஏத்திட்டா. எந்த ஊர்ல கப்பல் ஏறினேன்னும் உங்க மேஜையில கேப்பீங்கதானே? அப்ப எனக்கு ரெண்டு கேள்வி போச்சு. எல்லாப் பொம்பளைக்கும் ஒண்ணு, எனக்கு மட்டும் ரெண்டு.

இந்தக் கேள்வியை யோசிச்ச மகராசன் யாருன்னு விசாரிச்சு எழுதுங்க. அவருக்குப் பெண்சாதி இருக்காளான்னும் கேளுங்க.

வேளைக்குச் சாப்பிடுங்க. பாதம் பணியும்
தனம்


பிரிக்பீல்ட்ஸ்
1928 மார்ச் 18

சௌபாக்கியவதி தனத்துக்கு அநேக ஆசீர்வாதம். நான் நலமே. நீயும் மாமாவும் அப்படியே இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்த சிரிப்பில், பக்கத்து அறைத் துணி வியாபாரி சனாவுல்லா என்ன சமாசாரம் என்று எட்டிப் பார்த்தார். நாகப்பட்டினம் நான் பிறப்பதற்கு எத்தனையோ நூறு வருஷத்துக்கு முன்பிருந்தே இருக்கிற ஊர். எனக்காக அதைக் கப்பல் ஊர் ஆக்காதே.

வேடிக்கை இருக்கட்டும். போன கப்பலில் ஒரு தரகன் மூன்று பெண்களைத் தன் அண்ணன் தம்பிகளின் பெண்சாதிகள் என்று கூட்டிவந்தான். மூன்று பேரும் ஏழாம் கேள்வியில் விழித்தார்கள். தனியாக விசாரித்தால், ஒருத்திக்குக் கல்யாணமே ஆகவில்லை. கோயில் பார்க்கக் கூட்டிப் போகிறேன் என்று ஏமாற்றிக் கப்பலேற்றியிருக்கிறான். அந்தப் பெண் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளை அவள் அப்பனிடமே அனுப்பிவிட்டோம். துரை எல்லார் எதிரிலும் என் தோளைத் தட்டினார். இன்னும் சிலரையும் திருப்பி அனுப்பியிருக்கிறோம். பேர் சொல்லாதவளை உள்ளே விடுவதில்லை என்பதில் நான் கண்டிப்பு.

ஆபீசில் பகல் எப்படிப் போகிறதென்றே தெரிவதில்லை. வீட்டுக்கு வந்தால்தான் கஷ்டம். நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சீக்கிரம் வா.

நாகையா


கீவளூர்
1928 மே 6

அத்தானுக்கு தனம் நமஸ்காரம். இங்க எல்லாரும் சௌக்கியம். நாலு சுவர்னு எழுதியிருந்தீங்க, அன்னைக்கு எனக்கும் சோறு எறங்கல.

அந்தப் பொண்ணைக் காப்பாத்தினதைப் படிச்சு எனக்குப் பெருமைதான். தெருவெல்லாம் சொன்னேன். சொன்ன எடத்துல இன்னொண்ணு கேட்டுட்டு வந்தேன். சிக்கல் ரோட்டுல மாரியாயின்னு ஒருத்தி இருக்கா. புருஷன் உங்க ஊர்ல செந்தூல் ரயில் பட்டறையில வேலை பாக்கறவர். நம்ம கண்ணு முன்னால தாலி கட்டினவ. மாசியில புருஷங்கிட்ட போறேன்னு கப்பலேறினா. பங்குனி கடைசியில திரும்பி வந்துட்டா. அங்கேயிருந்து தொரத்தி விட்டாங்கன்னா அவ யாரோ என்னமோன்னு ஊரு பேசுது. மாமியா வாசப்படி மிதிக்க விடல.

என்னடி நடந்துச்சுன்னு கேட்டேன். "பேரு கேட்டாங்கக்கா, வாய் வரல"ன்னு சொன்னா. அவ புருஷன் பேரு பக்கிரிசாமி. பிச்சை ஓடு ஏந்தற சாமி பேருன்னு குறிப்புச் சொல்லியிருக்கா. நம்ம ஊர்ல பால் குடி மறக்காத பிள்ளைக்கும் அது புரியும். கேட்டவர் தமிழ்க்காரர்தானாம். கண்ணாடி போட்டவராம். குனிஞ்ச தலை நிமிராம எழுதிக்கிட்டே இருந்தாராம்.

அத்தான், உங்க ஆபீஸ்ல கண்ணாடி போட்ட தமிழ்க்காரர் எத்தனை பேர் இருக்காங்க?

அவளை ஆனியில என்கூடவே கூட்டிட்டு வரலாம்னு இருக்கேன். பதில் எழுதுங்க.

தனம்


பிரிக்பீல்ட்ஸ்
1928 ஜூன் 3

சௌபாக்கியவதி தனத்துக்கு ஆசீர்வாதம். உடம்பு சுகம். இங்கே தினமும் பிற்பகல் மழை.

கண்ணாடியைப் பற்றிக் கேட்டிருந்தாய். பழையது மூக்கை அறுத்ததால் புதிது மாற்றிக்கொண்டேன், இப்போது சௌகரியமாக இருக்கிறது.

ஜூலை முதல் வாரக் கப்பலுக்கு ஏற்பாடு செய்துவிட்டேன். ஒன்றைக் கவனமாகப் படி. அன்று மேஜையில் தமிழுக்கு என்னைத் தவிர ஆள் இல்லை. நானே உன்னைக் கேட்க வேண்டியிருக்கும். உறவு காட்டிப் பேசமாட்டேன், அதைக் கண்டு பயப்படாதே. துரை புதியவர், நீ யார் என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடலாம். ஆனால் சொல்லப் போவதில்லை. தரகர்களும் கங்காணிகளும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாகையா பெண்சாதியும் எல்லாரையும் போல வரிசையில் வந்து பதில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனாள் என்று நாளைக்கு ஒருவன் சொன்னால் அது எனக்குப் பெருமை. என் பேர் மூன்றெழுத்துத்தானே, சொல்லிவிடு தனம், சாயங்கால ரயிலில் நாம் வீட்டில் இருப்போம். புதுப்பாய் வாங்கி வைத்திருக்கிறேன்.

நாகையா


கிள்ளான் துறை, கேம்ப்பில் இருந்து
1928 ஜூலை 15

அத்தானுக்கு தனம் எழுதறது. உங்களுக்கும் எனக்கும் நடுவுல இப்ப கடல் இல்ல, ஒரு ரயில் தூரம்தான். சௌக்கியமான்னு கேக்க வெக்கமா இருக்கு. ஆனாலும் கேக்கறேன், சாப்பிட்டீங்களா?

இந்தக் காகிதம் குடுத்தது, உள்ளே விடாதவங்களை வச்சிருக்கற இந்தக் கேம்ப்புல பொம்பளைங்களைப் பாத்துக்கற இராஜம்மா. இங்க சோத்துக்குக் குறையில்ல. உங்களை மட்டும் பாக்க விடமாட்டாங்களாம், அதுவும் சட்டமாம்.

அன்னைக்கு நடந்ததை நான் பார்த்தபடி எழுதறேன். நீங்க பார்த்தபடி நீங்க எழுதுங்க.

கப்பல் மேல்தட்டுல நின்னு, கடலைப் பார்த்துக்கிட்டு உங்க பேரைச் சொல்லிப் பழகினேன். ஆமாம், சொன்னேன். மொதல்ல மொகமெல்லாம் சுட்டுது. அப்புறம் வந்துடுச்சு. உங்க மேஜைக்கு முன்னால நிக்கறப்ப அது என் நாக்கு நுனியில இருந்துச்சு.

மாரியாயி எனக்கு முன்னால நின்னா. அவளுக்கும் நான் எவ்வளவோ சொல்லிக் குடுத்தேன், வரல. மறுபடியும் ஓடு ஏந்தற சாமின்னா. நீங்க தமிழ்ல பொறந்தவர், உங்களுக்குப் புரிஞ்சுது, உங்க மொகத்துல பார்த்தேன். ஆனா இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை சொன்னீங்க, அவளை ஒதுக்கி நிறுத்திட்டாங்க. வேலிக்கு அந்தப் பக்கம் அவ புருஷன் தலையில அடிச்சுக்கிட்டார்.

அப்புறம் நான். "உன் புருஷன் பேர் என்ன?"ன்னு கேட்டீங்க. அதே குரல். நான் உங்களைப் பார்த்தேன், நீங்க காகிதத்தைப் பார்த்தீங்க. அவளைத் தாண்டி அந்தப் பேரைச் சொல்ல எனக்கு மனசு வரல. "மேஜைக்கு அந்தப் பக்கம் நிக்கிறவர்தான், அவரையே கேட்டுச் சொல்லுங்க"ன்னு சொன்னேன். துரை உங்களைப் பார்த்தார். நீங்க அதே ரெண்டு வார்த்தையைச் சொன்னீங்க.

அதுக்கு என்ன அர்த்தம்னு இராஜம்மாகிட்ட கேட்டேன். "பதில் இல்லை"ன்னு அர்த்தமாம்.

நான் பதில் சொன்னேன் அத்தான்.

தனம்


பிரிக்பீல்ட்ஸ்
1928 ஜூலை 17

தனத்துக்கு. சாப்பிட்டேனா என்று கேட்டிருந்தாய். இல்லை.

நீ எழுதியது அத்தனையும் உண்மை. ஆனால் யோசித்துப் பார். ஏழாம் கேள்விக்குப் பேர் ஒன்றுதான் பதில், குறிப்பு பதில் ஆகாது என்று எழுதிக் கொடுத்தவனே நான். அதே கேள்விக்காக எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மேஜைக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர் என்று நீ சொன்னதை நான் இங்கிலீஷில் சொன்னால், அடுத்த கப்பலில் வருகிற ஒவ்வொரு தரகனும் இவள் அவருக்கு வேண்டியவள், அவள் இவருக்கு வேண்டியவள் என்று ஆரம்பித்துவிடுவான். நீ சொல்வாய், சொல்வாய் என்றே நம்பி நின்றேன். பழகினேன் என்கிறாயே, அப்புறம் ஏன் தனம்?

கேம்ப்பில் தினமும் காலையில் மறுவிசாரணை உண்டு. நாளைக்கே போய்ச் சொல். வேறு துபாஷி இருப்பார், என் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாம். ஒரே ஒரு வார்த்தை. கும்பிட்டுக் கேட்கிறேன்.

நாகையா


கேம்ப்
1928 ஜூலை 20

அத்தானுக்கு. சாப்பிடாம இருக்காதீங்க, அதனால யாருக்கும் ஒண்ணும் ஆகப் போறதில்ல.

ஏன்னு கேட்டீங்க. நான் பேரைச் சொல்லிட்டு உள்ளே வந்துட்டா, சொல்ற பொம்பளை நிஜம், சொல்லாதவ பொய்ன்னு ஆயிடும். என்னைக் காட்டியே நாளைக்கு ஊர்ல சொல்லுவாங்க, கிராணி பெண்சாதி சொல்லலையா, உனக்கென்னன்னு. மாரியாயி பொய்யான பெண்சாதி இல்ல அத்தான். அவ என் பக்கத்துல படுத்து அழறா. நீங்க கோடு போட்டு அடிச்சது அவளை.

என்னை ஒரு வார்த்தை சொல்லச் சொல்றீங்க. உங்ககிட்டயும் ஒரு வார்த்தை இருக்கு. துரைகிட்ட போய், அங்க நிக்கறது என் பெண்சாதின்னு சொல்லுங்க. அதைச் சொல்லிட்டு, அவளுக்கும் சேர்த்துக் கேள்வியை மாத்துங்க. உங்க வேலைக்கு ஆபத்து வந்தா வரட்டும், கூழோ கஞ்சியோ குடிச்சுக்கலாம். நான் வந்தது அந்த வேலைக்கு இல்ல.

புதன்கிழமை கப்பலாம். செவ்வாய்க்கிழமை வரைக்கும் வேலியோரமா நிப்பேன்.

தனம்


பிரிக்பீல்ட்ஸ்
1928 செப்டம்பர் 9

சௌபாக்கியவதி தனத்துக்கு ஆசீர்வாதம். நீ சுகமாக ஊர் போய்ச் சேர்ந்த செய்தியை மாமாவின் தபாலில் அறிந்தேன். நான் சுகமே. கப்பல் புறப்பட்ட வாரத்தில் ஆபீசில் வேலை அதிகம், பதில் எழுத முடியவில்லை.

சந்தோஷமான செய்தி. ஏழாம் கேள்வி மாற்றப்பட்டுவிட்டது. மேலிடத்தில் யோசனை செய்து, இந்தியப் பெண்களின் பழக்கத்தை உத்தேசித்து, பேர் சொல்ல விரும்பாதவர்கள் குறிப்பால் சொன்னால் போதும் என்று முடிவானது. புருஷனைத் தனியாகவும் பெண்சாதியைத் தனியாகவும் வைத்து, ஊர்க் கோயில், கல்யாணம் நடந்த இடம், உடம்பில் உள்ள மச்சம் முதலியவற்றைக் கேட்டு ஒத்துப் பார்க்கிறோம். தரகன் சொல்லிக் கொடுத்துக் கூட்டிவருவதற்கு இதில் வழியே இல்லை. பழைய முறையைவிட இது திறமாகவே நடக்கிறது. சிங்கப்பூரில் இருந்தே இதை எழுதி அனுப்பும்படி கேட்டிருக்கிறார்கள். மாரியாயியின் புருஷன் பக்கிரிசாமியைக் கூப்பிட்டு நானே தெரிவித்தேன். அவள் வரலாம்.

நீயும் அவளுடனே வந்துவிடு. இனி எந்தத் தடையும் இல்லை.

நாகையா


பிரிக்பீல்ட்ஸ்
1928 நவம்பர் 20

தனம், இது மூணாவது கடுதாசி. அக்டோபர்ல போட்டது வந்துச்சான்னு தெரியல. மாரியாயி போன வாரம் வந்து எறங்கினா. வரிசையில உன்னைத் தேடினேன். கடைசி ஆள் வர்ற வரைக்கும் தேடினேன். துரை என்ன பாக்கறேன்னு கேட்டார். ஒண்ணுமில்லன்னேன்.

தீபாவளிக்கு சனாவுல்லா உனக்குன்னு ஒரு புடவை குடுத்தார். அக்கா எப்ப வர்றாங்கன்னு கேக்கறார். அடுத்த கப்பல்னு சொல்லி வச்சிருக்கேன். வீட்டுல விளக்கேத்தவே பிடிக்கல. நாலு வரி எழுது. திட்டியாவது எழுது.

உன் அத்தான்


கீவளூர்
1929 ஜனவரி 25

பிரிக்பீல்ட்ஸ் நாகையா அவர்களுக்கு தனலெட்சுமி எழுதிக்கொண்டது. நான் நல்லா இருக்கேன். அப்பா பொங்கலுக்கு எழுந்து நடமாடினார். உங்க ஒடம்பைப் பாத்துக்கங்க, விளக்கேத்தி வையுங்க.

உங்க கடுதாசி மூணும் வந்துச்சு. மாரியாயிகிட்டேருந்தும் ஒண்ணு வந்துச்சு, செந்தூல்ல யாரோ எழுதிக் குடுத்தது. புருஷன் ரொம்ப நல்லா வச்சிருக்காராம். முழுகாம இருக்காளாம். கேள்வியை மாத்தினதுக்கு உங்களுக்குப் புண்ணியம். இது நான் மனசாரச் சொல்றது, குத்தலா எடுத்துக்காதீங்க.

இன்னொண்ணும் அதுல எழுதியிருந்தா. எங்க கப்பல் போன மறுநாள் பக்கிரிசாமி உங்க ஆபீஸ் வராந்தாவுல மனுவோட நின்னுக்கிட்டிருந்தாராம். நீங்க துரைகிட்ட போய், நேத்துப் போனது என் பெண்சாதின்னு சொன்னீங்களாம். துரை சிரிச்சுட்டாராம். இதை அன்னைக்கே சொல்லியிருந்தா கூட்டிட்டுப் போன்னு சொல்லியிருப்பேனே, நீ ஏன் சொல்லலன்னு கேட்டாராம். கேள்வியை மாத்தணும்னா மாத்திக்கோன்னு அப்பவே கையெழுத்துப் போட்டுட்டாராம். உள்ளே இருந்த பியூன் வெளியே வந்து பக்கிரிசாமிகிட்ட சொல்லியிருக்கார்.

மேலிடம் யோசிச்சுதுன்னு எழுதியிருந்தீங்க. ரெண்டு நிமிஷ வேலைதானே அது. அந்த ரெண்டு நிமிஷத்துக்காக நான் செவ்வாய்க்கிழமை இருட்டற வரைக்கும் வேலியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஒவ்வொரு ரயில் சத்தத்துக்கும் திரும்பிப் பார்த்தேன்.

எனக்குக் கோபம் இல்லை. இருந்திருந்தா எப்பவோ எழுதியிருப்பேன். இந்தத் தடவை உறை மேல எழுதறதுக்கு வாத்தியாரைத் தேடிப் போகல, பார்த்திருப்பீங்க. நானே எழுதினேன். கை கூசவே இல்ல. நாகையான்னு எழுதினேன், நாகப்பட்டினம்னு எழுதினேன், பழக்காரிகிட்ட நாகப்பழம் குடுன்னு கேட்டேன். யாரோ ஒரு கிராணி பேர் மாதிரி வருது. அதை நெனச்சு நேத்துப் பூரா அழுதேன்.

வான்னு எழுதியிருக்கீங்க. வரமாட்டேன்னு நான் எழுதல. ஆனா இந்தக் கடுதாசியை அத்தான்னு ஆரம்பிக்கத்தான் காலையிலேருந்து உக்காந்திருந்தேன். மூணு காகிதத்தைக் கிழிச்சுப் போட்டேன். அந்த வார்த்தைதான் இப்ப வரல.

தனலெட்சுமி